நீலம் ஏற்றிய கல்: புளூ டோபாஸ் வாங்கப் போகிறவருக்கு

அந்த அம்மா மோதிரத்தைக் கழற்றி என் தட்டில் வைத்துவிட்டு, "சார், கல் மட்டுமே முப்பதாயிரம். பார்த்து எழுதுங்கள்" என்றார். மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் நான் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருந்த காலம் அது. மோதிரத்தின் மொத்த எடை 6.400 கிராம். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிர்நீலக் கல். கல்லுக்கு 1.600 கிராம் கழித்து, மீதி 4.800 கிராம் தங்கத்துக்கு மட்டும் கடன் தொகை எழுதினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியானால் கல்லுக்கு ஒன்றுமே இல்லையா?"

"வங்கிக்கு இல்லை அம்மா. உங்கள் கைக்கு இருக்கிறது" என்றேன். அது அவருக்கு ஆறுதலாகப் படவில்லை. ஒரு மாதம் கழித்து வட்டி கட்ட வந்தபோது மோதிரத்தின் ரசீதையும் கொண்டுவந்து காட்டினார். அதில் 'நீலம்' என்று ஒரே சொல்தான் எழுதியிருந்தது. கல்லோ புளூ டோபாஸ்.

இன்று ஓய்வுபெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் யாராவது உதிரிக் கல் வாங்கப் போகும் முன் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் இந்த ஒரே கல்லைப் பற்றித்தான். விலை கைக்கு எட்டுகிறது, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, வெள்ளி நகைக்கும் பொருந்துகிறது. கேட்பதில் தவறில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் டோபாஸைப் புஷ்பராகம் என்கிறோம். ஆனால் நவரத்தினத்தில் குருவுக்கு உரியதாகச் சொல்லப்படும் புஷ்பராகத்தைக் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் மஞ்சள் நிறச் சபையர். 'கனக புஷ்பராகம்' என்பார்கள். அது மாணிக்கம், நீலம் ஆகியவற்றின் இனமான குருந்தக் கல். டோபாஸ் வேறு கனிமம். அலுமினியமும் சிலிக்காவும் ஃபுளோரினும் சேர்ந்து உண்டானது.

இனி 'நீலப் புஷ்பராகம்' என்ற பெயரைப் பாருங்கள். முன்பாதியைக் கேட்பவர் சனிக்கு உரிய நீலக்கல் என்று நினைத்துக்கொள்கிறார். பின்பாதியைக் கேட்பவர் குருவுக்கு உரிய கல் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டும் இல்லை. புளூ டோபாஸ் நவரத்தினப் பட்டியலில் இடம்பெறாத கல். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. ஜாதகப்படி நீலம் போடச் சொன்னதாக வருகிறவருக்கு, நீலமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இதைக் கட்டிக் கொடுப்பது ஏமாற்று. கடையில் பேரம் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது சபையரா, டோபாஸா?" என்பதுதான். விடையை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் டோபாஸ் என்று தயங்காமல் சொல்கிற சிலர் பேனாவை எடுத்ததும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நீலம் எங்கிருந்து வந்தது?

இயற்கையில் நீல டோபாஸ் கிடைக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிடைப்பது பெயர்பெற்றது. 1969-இல் அதை மாநிலத்தின் ரத்தினமாகவே அறிவித்தார்கள். ஆனால் இயற்கை நீலம் பொதுவாக மிக வெளிறியது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஓரத்தில் தெரியுமே, ஏறக்குறைய அந்த அளவு நீலம்.

கடையில் தட்டு தட்டாக நாம் பார்க்கும் அழுத்தமான நீலம் மனிதர் ஏற்றியது. பிரேசில், நைஜீரியா, இலங்கை போன்ற நாடுகளில் நிறமற்ற டோபாஸ் ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சும்போது படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, ஒளியில் சில நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும் இடங்கள் உண்டாகின்றன. கல் முதலில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு மங்கிய நிறத்துக்கு வரும். பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் பழுப்பு போய்விடும்; நீலம் தங்கிவிடும். 1970களில் இது பெரிய தொழிலாக வளர்ந்தது.

ஸ்கை புளூ, சுவிஸ் புளூ, லண்டன் புளூ என்ற மூன்று பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்திலோ லண்டனிலோ இந்தக் கல் விளைவதில்லை. அவை நிறத்தின் அழுத்தத்துக்கு வணிகர்கள் வைத்த பெயர்கள். எலக்ட்ரான் முடுக்கியில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் வானத்தின் வெளிர்நீலம். அணு உலையில் நியூட்ரான்களுக்குக் காட்டினால் சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலம், அதுதான் லண்டன் புளூ. இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்தால் நடுவே பளீரென்ற சுவிஸ் புளூ.

அணு உலை என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. நியூட்ரான் பட்ட கல்லில் சிறிது காலம் கதிரியக்கம் இருக்கத்தான் செய்யும். அது தணியும் வரை, சில மாதங்களோ சில ஆண்டுகளோ, கல்லைப் பூட்டி வைத்து, அளந்து பார்த்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும். அமெரிக்காவில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே இதற்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. அந்த வழியில் முறையாக வந்த கல்லை அணிவதால் ஆபத்தில்லை. பெயர் தெரியாத இடத்திலிருந்து மலிவாக வரும் அடர்நீலக் கல்லைக் காட்டிலும், வணிகம் நிலைத்த கடையில் ரசீதோடு வாங்குவது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் இது போலிக் கல்லா என்று கேட்பார்கள். இல்லை. நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோம். அது நிஜ அரிசிதான், அவித்தது மனிதர். அதற்காக அதைப் போலி அரிசி என்று யாரும் சொல்வதில்லை, அபூர்வ அரிசி என்று பத்து மடங்கு விலையும் சொல்வதில்லை. புளூ டோபாஸும் அப்படித்தான். சுங்குடிச் சேலைச் சாயம் போல முதல் துவைப்பில் தண்ணீரில் இறங்கிவிடும் நிறமும் அல்ல. வெயிலிலும் வெளிச்சத்திலும் நிலைத்து நிற்கும். நெருப்பின் கடுஞ்சூடுதான் அதற்கு ஆகாது.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. ரத்தினச் சோதனைக்கூடம் கல்லைப் பார்த்துத் தரும் அட்டையில் 'இயற்கைப் புஷ்பராகம்' என்று இருந்தால், அந்தக் கல் பூமியில் விளைந்தது என்று மட்டும் பொருள். நிறமும் பூமியில் விளைந்தது என்று பொருள் அல்ல. சொல்லப்போனால், ஒரு நீல டோபாஸின் நிறம் கதிர்வீச்சால் வந்ததா, இயற்கையாக வந்ததா என்று வழக்கமான சோதனைகளால் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆகவே, "இது மட்டும் எந்தச் செயல்முறையும் செய்யாத சுத்த இயற்கை நீலம்" என்று கூடுதல் விலை கேட்கிறவர், தான் சொல்வதை மெய்ப்பிக்க வழியில்லாத ஒன்றுக்குக் காசு கேட்கிறார். கதிர்வீச்சு ஏற்றிய கல் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முதலீடு என்று யாராவது சொன்னால்

தொழில் பெருகியதும் என்ன நடந்தது என்பது எளிய கணக்கு. நிறமற்ற கல்லுக்குப் பஞ்சமில்லை, நிறம் ஏற்றும் இயந்திரத்துக்கும் பஞ்சமில்லை. 1980களில் சந்தை நிரம்பி வழிந்தது, விலை சரிந்தது. தேவை கூடினால் இன்னும் நான்கு மூட்டைக் கல்லை உள்ளே அனுப்பி நீலமாக எடுக்கலாம் என்கிற பொருள் எப்படிச் சேமிப்பாகும்?

மற்ற ரத்தினங்களில் அளவு பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டின் விலையே ஏறும். இரண்டு காரட் மாணிக்கத்தின் விலை, ஒரு காரட் மாணிக்கத்தின் விலையைப் போல இரு மடங்கோடு நிற்காது. டோபாஸில் அந்தக் கணக்கு செல்லாது. இது பூமியில் பெரிய பெரிய படிகங்களாகவே விளைகிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பட்டை தீட்டிய ஒரு மஞ்சள் டோபாஸ் இருக்கிறது, எடை 22,892.5 காரட், அதாவது நாலரைக் கிலோவுக்கும் மேல். இப்படி விளைகிற இனத்தில் பத்துக் காரட் கல் அதிசயமில்லை. "இவ்வளவு பெரிய கல் கிடைப்பது அபூர்வம்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

குற்றமில்லாத கல் என்ற பேச்சும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப் பார்க்கும் மதுரை ரத்தினக் கடைவீதியில், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வைரத்தின் நான்கு குற்றங்கள் பேசப்படுகின்றன. இந்த ஊரில் கல்லைக் குற்றம் பார்த்து வாங்கும் பழக்கம் அவ்வளவு பழையது. ஆனால் புளூ டோபாஸில் கண்ணுக்குக் குற்றம் தெரியாமல் இருப்பது சாதாரணம். உள்ளே கீற்றோ புள்ளியோ தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். தெரியவில்லை என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

முதலீடா இல்லையா என்று முடிவு செய்ய என்னிடம் ஒரு சோதனைதான் உண்டு. அவசரத்துக்கு அதை எங்கே வைத்துப் பணம் வாங்க முடியும்? தங்கத்தை வங்கியில் வைக்கலாம், அடகுக் கடையில் வைக்கலாம். இந்தக் கல்லுக்கு என் தட்டில் கிடைத்த மதிப்பு, எடையைக் கழிப்பதற்கான கழித்தல் குறி மட்டும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது எடுக்கும்போதும் இதே கதை. கல்லைப் பிரித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். வாங்கிய கடையே வாங்கிய விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். சோதனைக்கூட அட்டை கல் எது என்று சொல்லும், விலை சொல்லாது. லட்ச ரூபாய் மதிப்பு என்று அச்சிட்ட அட்டை ஒன்று கல்லோடு வந்தால், அந்த மதிப்பைப் போட்டவர் விற்பவரா என்று பாருங்கள்.

ஆபரணத்துக்கு வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். நிறத்தையும் வெட்டையும் பொறுத்து விலை மாறினாலும், சாதாரண அளவில் நல்ல புளூ டோபாஸ் காரட்டுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். லண்டன் புளூவுக்கு மற்ற இரண்டையும் விடச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள்.

உதிரிக் கல்லாகப் பார்ப்பதன் பலன்

கல் நகையில் பதிந்துவிட்டால் அதன் எடை கடைக்காரர் சொல்வதுதான். உதிரியாக இருந்தால் தராசு சொல்லும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஐந்து காரட் கல் ஒரு கிராம்.

இந்தக் கணக்கை மறக்காதீர்கள், ஏனென்றால் பெரிய இழப்பு இங்கேதான் நடக்கிறது. என் தட்டுக்கு வந்த அந்த மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். கல் எட்டுக் காரட், 1.6 கிராம். நகையின் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டுவிட்டு, கல்லுக்குத் தனியாகவும் விலை போட்டால், அந்த 1.6 கிராமுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். தங்கம் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் அது பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். கல்லின் உண்மை விலையோ அதில் ஒரு சிறு பங்குதான். ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான். கல்லைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை.

தராசு இன்னொரு வேலையும் செய்யும். அக்குவாமரின் என்ற கடல்நிறக் கல் புளூ டோபாஸை விடப் பல மடங்கு விலை உள்ளது, பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். காங்கேயம் பக்கம் படியூரில் ரோமானியர் காலத்திலேயே அந்தப் பெரில் இனக் கல்லை எடுத்திருக்கிறார்கள். அதனால் "காங்கேயத்துக் கல்" என்று சொல்லி டோபாஸை அக்குவாமரின் விலைக்குத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் டோபாஸ் கனமான கல். தண்ணீரைப் போல 3.5 மடங்கு, அக்குவாமரின் 2.7 மடங்குதான். ஒரே அளவு, ஒரே வெட்டு உள்ள இரண்டு கற்களில் அக்குவாமரின் சுமார் முக்கால் பங்கு எடையே இருக்கும். 10×8 மி.மீ. நீள்வட்டக் கல் டோபாஸாக இருந்தால் மூன்று காரட்டை ஒட்டி வரும். அதே அளவு அக்குவாமரின் இரண்டேகால் காரட்டைச் சுற்றி நிற்கும். அடி தடித்த கல்லில் இது கொஞ்சம் முன்பின் ஆகும் என்றாலும் சந்தேகத்தை எழுப்ப இது போதும்.

புளூ டோபாஸ் போலவே தோன்றும் செயற்கை நீல ஸ்பினல் என்ற இன்னொரு கல்லிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் அடர்த்தி 3.6 அளவில், டோபாஸை உரசிக்கொண்டு நிற்கிறது. அதைப் பிரிக்க ஒளிவிலகல் பார்க்கும் கருவி வேண்டும். டோபாஸ் 1.62 அளவில் காட்டும், ஸ்பினல் 1.73. கல் வியாபாரம் செய்கிறவரிடம் அந்தக் கருவி இருக்க வேண்டும். வைத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது, பாலில் போட்டுப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை விட்டுவிடுங்கள். கண்ணாடியைக் கீறாத ரத்தினக் கல் அரிது. கீறுகிறது என்பதால் டோபாஸ் ஆகிவிடாது. பால் பாவம், அதை ஏன் கெடுக்க வேண்டும்?

கல்லின் விலை சில நூறு என்றால் சோதனைக்கூடக் கட்டணமே அதைத் தாண்டிவிடக்கூடும். சிறிய கல்லுக்கு ரசீதே போதும். பெரிய தொகை கேட்கிறார்கள் என்றால் மட்டும் சோதனை கேளுங்கள்.

வெளிச்சம், வெட்டு, பத்தர்

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகளின் விளக்கு வெளிச்சத்தில் கூழாங்கல்லும் ஜொலிக்கும். கல்லை வெள்ளைத்தாளில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். காலை பத்து, பதினொரு மணி வெளிச்சம் நல்லது. உச்சி வெயில் வேண்டாம். லண்டன் புளூ வாங்குகிறவர்கள் நிழலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். சில கற்கள் வெளிச்சம் குறைந்ததும் மை போலக் கறுத்துவிடும். கல்யாண மண்டபத்தில் அது நீலம் என்றே தெரியாது.

வெட்டைப் பார்க்கச் செய்தித்தாள் போதும். கல்லின் முகம் மேலே இருக்கும்படி எழுத்தின் மீது வையுங்கள். நடுப்பகுதி வழியாக எழுத்து படிக்கத் தெரிகிறது என்றால் அடிப்பட்டை சரியான கோணத்தில் இல்லை. உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஓடிவிடுகிறது. வயிறு பருத்த கல்லும் வேண்டாம். மேலே தெரியாத எடைக்குக் காசு போகும், நகை உயரமாக எழும்பி நிற்கும். வானவில் போலப் பல நிறம் அடிக்கும் டோபாஸ் தனி வகை. மெல்லிய பூச்சு பூசியது. பூச்சு கீறல் தாங்காது.

கல்லை நகையில் பதிக்கக் கொடுக்கும்போது பத்தரிடம் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். டோபாஸ் கடினத்தில் எட்டாவது படியில் இருக்கிறது, கீறல் எளிதில் விழாது. ஆனால் ஒரே ஒரு திசையில் இது விறகு பிளப்பது போலச் சுத்தமாகப் பிளந்துகொள்ளும். கொக்கியை அழுத்தும் கை கொஞ்சம் தவறினாலும், தரையில் விழுந்தாலும், அந்தத் திசையில் அடி பட்டால் போயிற்று. அதனால் தினமும் போடும் மோதிரத்துக்கு விளிம்பு சுற்றி மூடிய கட்டு நல்லது. தோடு, பதக்கம் என்றால் கொக்கிக் கட்டே போதும். பற்றவைப்பு வேலை எதுவாக இருந்தாலும் கல்லை எடுத்துவிட்டுத்தான் நெருப்பைக் காட்ட வேண்டும். பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

என் மகளுக்கு 8×6 மி.மீ. அளவில் ஒரு ஜோடி ஸ்கை புளூ எடுத்து வெள்ளித் தோடாகக் கட்டிக் கொடுத்தேன். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர்தான். "உங்களுக்குமா சார் இதெல்லாம் எழுத வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே 'டோபாஸ், கதிர்வீச்சால் நிறம் ஏற்றியது, இரண்டு கல், மொத்தம் மூன்று காரட்' என்று எழுதிக் கொடுத்தார். நகைக்கடைகளில் வைத்திருக்கும் அதிர்வுச் சுத்திகரிப்புத் தொட்டியில் அந்தத் தோட்டைப் போடக் கூடாது என்றும், நீராவியும் ஆகாது என்றும் மகளிடம் சொல்லியிருக்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், துளி சோப்பு, பழைய மென்மையான பல் துலக்கி போதும். கழற்றி வைக்கும்போது தனி டப்பா. வைரத்தோடும் மாணிக்கத்தோடும் சேர்த்துப் போட்டால் அவை இதைக் கீறும்; முத்தோடு போட்டால் இது முத்தைக் கீறிவிடும்.